பேட்டரி மிஷினும் பெட்ரோல் மிஷினும் நானும்

மரம் அறுக்கும் தொழிலில் இருப்பவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் பாதி பேர் ஃபோனில் என் பெயர் ‘மிஷின்’ என்றுதான் இருக்கிறது. பல வருடமாகப் பெட்ரோல் மிஷின்தான் எனக்குச் சோறு போட்டது. போன வருடம் பேட்டரி மிஷின் ஒன்றும், அதற்கு இரண்டு பேட்டரியும் வாங்கினேன். அன்றிலிருந்து பார்க்கிறவர்களெல்லாம் “எது நல்லது?” என்று பிடித்துக்கொள்கிறார்கள். எந்த வேலைக்கு எது என்று எனக்கு அத்துப்படி. நீங்களும் மிஷின் பிடித்துவிட்டுக் கை நடுங்க வீட்டுக்குப் போகிறவர் என்றால், இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

சத்தம் கேட்கவில்லை

புது மிஷினை முதலில் எடுத்துப்போனது வானூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்கு. விழுந்து கிடந்த மரங்களைத் துண்டு போடும் வேலை. கயிறு இழுக்க வேண்டாம், புகை இல்லை. விரலை அழுத்தினால் அறுக்கிறது, விட்டால் நிற்கிறது. ராஜா மாதிரி வேலை செய்துகொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் தோப்புக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். வீட்டில் உட்கார்ந்தபடியே மிஷின் சத்தத்தை வைத்துத்தான் அவர் ஆட்களை மேய்ப்பாராம். சத்தம் வராததால் வேலை நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறார். அறுத்த கட்டைகளைக் காட்டினேன். அப்படியும் அவருக்கு மனம் ஆறவில்லை.

மதியத்துக்குள் இரண்டு பேட்டரியும் தீர்ந்துவிட்டன. தோப்பில் பிளக்குக்கு எங்கே போவது? வண்டியிலிருந்து பெட்ரோல் மிஷினை எடுத்து ஸ்டார்ட் பண்ணினேன். தோப்பே அதிர்ந்தது. அவர் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. “இப்பதாங்க வேலை நடக்கற மாதிரி இருக்குது” என்றார்.

உப்புக் குவியல்

உப்பளத்துக் கரையில் வேலிகாத்தான் முள்மரம் மண்டிவிட்டது, தலையில் கூடையோடு நடக்க வழியில்லை என்று கூப்பிட்டார்கள். எல்லாம் கை கனத்துக் கிளைகள், பேட்டரிக்கென்றே அளவெடுத்த வேலை. பேட்டரி மிஷினுக்கும் செயின் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த எண்ணெய் உப்புப் பாத்தியில் தெறிக்கக்கூடாதென்று தார்ப்பாய் விரித்து, பார்த்துப் பார்த்து அறுத்தேன். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன், சாப்பிடப் போகும்போது மாற்று பேட்டரியை உப்புக் குவியல் மேல் வைத்துவிட்டுப் போனேன். வெள்ளையாக, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் பேட்டரியின் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. உப்பு வாரும் கஸ்தூரியம்மாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் கரையில் உட்கார்ந்து, காலில் மாட்டியிருந்த சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதம் முழுக்க வெடிப்பும் புண்ணும். அதைப் பார்த்ததும் புலம்பியதற்கே வெட்கப்பட்டேன். “ஏம்பா, எங்க காலே இங்க தாங்கல, உன் பேட்டரி எம்மாத்திரம்?” என்றார்.

அனுமந்தை, முதல் தடவை

அனுமந்தை மீனவர் குப்பத்தில், மீன் விற்கும் ஃபிலோமினா அக்கா வீட்டுப் பின்னால் ஒரு பூவரச மரம். அதன் பெரிய கிளை ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலேயே நீண்டிருந்தது. “கரெக்டா புள்ளைங்க படுக்கற எடத்துக்கு மேல இருக்குது தம்பி. காத்து அடிச்சா எழுப்பி இட்டுக்கிட்டு சர்ச்சுக்கு ஓடறேன். ஐப்பசி மழைக்குள்ள எடுத்துக் குடுத்துடு” என்றார். கனமான கிளை என்பதால் யோசிக்காமல் பெட்ரோல் மிஷினோடு போனேன்.

காலை எட்டரை மணி. ஸ்டார்ட் பண்ணியதுதான் தாமதம், தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு ஆம்பிளைகள் அப்போதுதான் படுத்திருந்தார்கள். எதிர்வீட்டு அந்தோணி லுங்கியோடு வந்தார். கண் ரெண்டும் ரத்தச் சிவப்பு. திட்டவில்லை, கத்தவில்லை. அவரே கையை நீட்டி மிஷினை ஆஃப் பண்ணினார். “ராத்திரி பூரா கடல்ல இருந்துட்டு வந்து படுத்துப் பாரு, அப்புறம் இத ஸ்டார்ட் பண்ணு” என்றார்.

அனுமந்தை, இரண்டாம் தடவை

மதியம் போகலாமே என்பீர்கள். பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் கடல் காற்று கிளம்பி, கிளையைக் கூரைப் பக்கமே தள்ளும். அறுத்தால் காலையில்தான், அதுவும் சத்தமில்லாமல். சரி, பேட்டரிதான் என்று முடிவு செய்தேன். பச்சை பூத்த பேட்டரியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு, அடுத்த வாரமே போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோல் மிஷினும் வண்டியில் இருந்தது.

சின்னக் கிளைகளெல்லாம் சத்தமில்லாமல் இறங்கின. பெரிய கிளையில் ஏணி வைத்துப் பாதி அறுத்திருப்பேன், முதல் பேட்டரி தீர்ந்தது. இரண்டாவதைப் போட்டேன். மிஷினில் விளக்கு எரிந்தது, செயின் நகரவில்லை. மறுபடி தேய்த்துப் போட்டேன். இப்போது விளக்கும் இல்லை. கிளை லேசாக முனகியது. இலைகள் அசைய ஆரம்பித்தன. கடல் காற்று. வண்டியில் இருந்த மிஷினைத் தொடவும் பயம், தொடாமல் இருக்கவும் பயம்.

ஃபிலோமினா அக்கா கிளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேராகப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். “அந்தோணி, கிளை பாதியில நிக்குது.” அந்தோணி வந்து ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். இன்னும் மூன்று பேரை எழுப்பினார். கிளையில் கயிறு கட்டி, கடல் பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பெட்ரோல் மிஷினையும் அவரே எடுத்தார். போட் இன்ஜின் இழுத்த கை, ஒரே இழுப்பில் மிஷின் ஸ்டார்ட் ஆனது. செயின் பிரேக்கைப் போட்டு அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். தெரு முழுக்கக் கதவு திறந்தது. இந்த முறை எல்லோரும் கிளையைத்தான் பார்த்தார்கள். இரண்டே நிமிடம். கிளை கயிற்றோடு மணலில் போய் விழுந்தது. அக்கா உள்ளே போய்ப் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் நின்று கூரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தோணி கொட்டாவி விட்டபடி வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் நின்று, “அடுத்த வாட்டி வந்தா மொதல்ல கதவத் தட்டு, மிஷின் அப்புறம்” என்றார்.

எது நல்லது என்று இப்போதும் கேட்கிறார்கள். பேட்டரியைக் கையில் எடுங்கள், பெட்ரோலை வண்டியில் வையுங்கள், ஆனால் தெருவில் யார் தூங்குகிறார்கள் என்று கேட்காமல் இரண்டையும் தொடாதீர்கள் என்று அனுபவஸ்தன் தோரணையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.