பிள்ளையாரிடம் போய்ச் சேர்ந்த புல்வெளி

கஸ்தூரிரங்கனின் அறுபதாம் கல்யாணம் எல்லா வகையிலும் சிறப்பாக நடந்தது. புல்தரை ஒன்றுதான் பலியானது. மந்தைவெளியில் அவர் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்புறத்தில், அந்தத் தெருவில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பசும்புல் தரை இருந்தது. பந்தலுக்குள் இடம் போதாமல் சமையல்காரர்கள் அதன்மேலேயே அடுப்புகளை வைத்துவிட்டார்கள். சாம்பார் கொதித்த இடம், பாயசம் கொதித்த இடம், அப்பளம் பொரித்த இடம் என்று வட்டவட்டமாகப் புல் கருகியது. வட்டங்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்ததை வடித்து ஊற்றிய கஞ்சி பார்த்துக்கொண்டது.

வீட்டுக்காரி நீரஜா புனேயில் மகளுடன் இருப்பவள். கல்யாணத்துக்கு வர முடியாததற்கு வருத்தம் தெரிவிக்க வீடியோவில் அழைத்தாள். ஆசி வாங்கிய கையோடு, "கேமராவைக் கொஞ்சம் கீழ காட்டுங்க சார்" என்றாள்.

"நெட்வொர்க் சரியில்லம்மா."

"உங்க மூஞ்சி நல்லாத் தெரியுது சார். கீழ காட்டுங்க."

காட்டினார். நீரஜா குரலை உயர்த்தவில்லை. அதுவே அவரைக் கலங்கடித்தது. "தை மாசக் கடைசில வர்றேன். அக்ரிமென்டும் அப்பதான் முடியுது. எப்படிக் குடுத்தேனோ அப்படி இருந்தா கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா வேற வீடு பார்த்துக்கங்க, தப்பா நினைச்சுக்காதீங்க."

வேறு வீடு என்றால் ஆதம்பாக்கம். அவருடைய ஓய்வூதியத்துக்கு ஏற்ற வாடகை மந்தைவெளியில் இனிக் கிடைக்காது என்பதில் கணவன் மனைவி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அபயாம்பாள் வாசல் அறையில் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். சுற்றியுள்ள தெருக்களிலிருந்து நடந்து வரும் மாணவிகள்தான் அவளுக்கு. "ஆதம்பாக்கத்துக்கு ஒருத்தியும் ரயிலேறி வந்து சரளி வரிசை பாடமாட்டா" என்றாள். அத்துடன் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டது, புல்லை முளைக்கவைப்பது யாருடைய பொறுப்பு என்பதைத் தெளிவாக்கியது.

கஸ்தூரிரங்கன் பொறுப்புக்கு அஞ்சுபவர் அல்லர். பொது இன்ஷூரன்ஸ் நிறுவனமொன்றில் வெள்ளச் சேதங்களை ஆய்ந்து அறிக்கை தருவதே அவருடைய உத்தியோகமாக இருந்தது. நனைந்த துணி மூட்டைகளுக்கு நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் கடைக்காரரிடம், "முன்னெச்சரிக்கையா என்ன நடவடிக்கை எடுத்தீங்க?" என்று கேட்டுக் கேட்டே பதவி உயர்வு பெற்றவர். மழையைப் பற்றித் தமக்குத் தெரியாதது ஏதுமில்லை என்று அவர் நம்பியதற்கு இதுவே ஆதாரம்.

அவரைப் பற்றி இன்னொரு விவரமும் இங்கே தேவைப்படுகிறது. தெருமூலையில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. கஸ்தூரிரங்கன் பெருமாளைத் தவிர வேறு சந்நிதியில் கைகூப்பாத வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கோயில் வந்ததும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். மாயவரத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்த அபயாம்பாளோ பிள்ளையாரைப் பார்க்காமல் காபிகூடக் குடிக்கமாட்டாள். இவ்விஷயத்தில் ஒருவரை ஒருவர் திருத்துவதில்லை என்பது அவர்கள் மண வாழ்க்கையின் ஆரம்பத்திலேயே ஏற்பட்ட உடன்படிக்கை. கோயில் வாசலில் பூவும் அருகம்புல் மாலையும் விற்கும் அன்புச்செல்வி மட்டும் அதில் கையெழுத்திடவில்லை. "இன்னா சாமி, இன்னிக்கும் அந்தாண்ட தானா?" என்று தினமும் சாலைக்குக் குறுக்கே விசாரிப்பாள்.

புல்லைக் கட்டிகளாக வாங்கிப் பதித்துவிடலாம் என்று முதலில் அடையாறில் ஒரு நர்சரிக்குப் போனார்.

"மழைக்காலத்துல புல்லு பதிச்சா அழுகிடும் சார்" என்றார் நர்சரிக்காரர். "தை பொறந்தப்புறம் வாங்க, ஜம்முனு போட்டுடலாம்."

"தை முடிஞ்சா எனக்கு வீடே இருக்காது."

"அப்ப எந்த வீட்டுக்குப் போறீங்களோ அங்க போட்டுடலாம் சார்."

ஆகவே விதை. இணையத்தில் தேடி ஒரு டப்பா வரவழைத்தார். மேலே வெளிநாட்டுக் கோல்ஃப் மைதானம் ஒன்றின் படம். அதன் கீழே 'பெர்முடா' என்ற பெயர். உள்ளே ரவையைவிடச் சிறிய விதைகள். மண்ணைக் கொத்தி, சமன்படுத்தி, விதையை மணலுடன் கலந்து சீராகத் தூவி, லேசாக அழுத்த வேண்டும். முளைக்கும்வரை மண் காயவே கூடாது என்று டப்பா சொன்னது. மண் காயாத மாதம் ஐப்பசி என்பது அவருக்கு உடனே விளங்கியது. வானிலை அறிக்கையும் 'லேசானது முதல் மிதமான மழை' என்றே கூறியது. கருகிய வட்டங்களைக் கொத்தி, கஞ்சி இறுகிய மண்ணைப் புரட்டி, செம்மண் பரப்பி, தயிர்வடைக்கு மிளகுப்பொடி தூவும் கவனத்துடன் விதைத்து முடித்தார்.

விதை நகராமலிருக்க மேலே மெல்லிய துணி விரிக்கலாம் என்றும் டப்பாவில் ஒரு வரி இருந்தது. வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், தங்களுக்கு மட்டுமே தோன்றியதுபோல, ஆளுக்கொரு பத்து முழப் பத்தாறு வேஷ்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கஸ்தூரிரங்கன் அவற்றைப் பிரித்து, ஜரிகைக் கரைகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி மண்மேல் விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்தார். மழை தூற ஆரம்பித்தது.

எதிர்வீட்டு ஸ்ரீரஞ்சனி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமி, மாமா வேஷ்டியெல்லாம் மழைல தரையிலே காயறதே. கொடி அறுந்துடுத்தா?"

"கொடி இருக்கு" என்றாள் அபயாம்பாள். "வேற ஒண்ணுதான் அறுந்துடுத்து."

துணி தன் வேலையைச் சரியாகவே செய்தது. மிதமான மழைக்கு அது போதும். ஆனால் அதே வாரத்தில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் டப்பாவைப் படித்திருக்கவில்லை. விடாமல் பெய்த மழையில் வீட்டு முன்புறம் முதலில் குளமாயிற்று. பின்பு, சுற்றுச்சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த துவாரத்தின் வழியாகச் செம்மண்ணும் மணலும் தெருவில் ஓடின. வேஷ்டிகள் செங்கற்களை உதறிவிட்டு கேட்டைத் தாண்டி மிதந்து சென்றன.

மழை விட்டதும் அன்புச்செல்வி ஒரு வேஷ்டியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். "கோயில் வாசல்ல வந்து நின்னுக்கினு இருந்துச்சு சாமி. நீதான் வரமாட்டேன்ற. உன் வேட்டியாச்சும் வந்துச்சே."

கஸ்தூரிரங்கன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அபயாம்பாள் வழுவழுவென்று கிடந்த வெற்றுத் தரையைப் பார்த்தாள். "முன்னெச்சரிக்கையா என்ன நடவடிக்கை எடுத்தேள்?"

"வேஷ்டி விரிச்சேனே."

"அது சேதக் கணக்குல வரும். நடவடிக்கைல வராது."

அதன்பின் அந்தத் தரையில் முளைத்தவை மூன்று: பெயர் தெரியாத ஒரு கீரை, பெயர் தெரிந்த ஒரு முள்செடி, சாம்பார் அடுப்பு இருந்த இடத்தில் ஒரு தக்காளி. புல் முளைக்கவில்லை. மீண்டும் விதைத்தால் மீண்டும் மழை வரும். மழை முடியக் காத்திருந்தால் தை வந்துவிடும். கார்த்திகையில் ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல், ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டைப் பார்ப்பதற்காகக் கஸ்தூரிரங்கன் கிளம்பினார்.

கேட்டை மூடும்போதுதான் அதைக் கவனித்தார். சுவர்த் துவாரத்தின் வாயில் நான்கைந்து புல் முளைத்திருந்தன. மெல்லிய, ஒரே சீரான இலைகள். சற்றுத் தள்ளி இன்னும் சில. தார்ச்சாலையும் நடைபாதையும் சேரும் விளிம்பில் படிந்திருந்த வண்டலில் அந்தப் பச்சைக் கோடு விட்டுவிட்டுத் தொடர்ந்தது. அவர் குனிந்தபடியே அதைப் பின்பற்றி நடந்தார். இஸ்திரி வண்டியைத் தாண்டிற்று. நிறுத்தியிருந்த ஒரு காரின் அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது.

"என்ன மாமா, எதைத் தொலைச்சேள்?" என்று மாடியிலிருந்து ஸ்ரீரஞ்சனியின் கணவர் கேட்டார்.

"புல்தரையை" என்று நிமிராமலே பதில் சொன்னார்.

கோடு தெருமூலையில் முடிந்தது. வழக்கமாக எதிர்ப்பக்கம் மாறும் இடத்தை எப்போது கடந்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. தெருவின் தண்ணீர் முழுவதும் வந்து தேங்கும் பள்ளம் அது. வடிந்த பிறகு கோயிலைச் சுற்றிப் படிந்த வண்டலில், அரசமரத்தடியிலிருந்து மதில்வரை, டப்பாவின் படத்தில் இருந்ததைப் போலவே ஒரு புல்வெளி விரிந்திருந்தது. அதில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து கூடைகளில் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அபயாம்பாள்.

"அபயா, அது நம்மாத்துப் புல்."

"இது அருகம்புல்லாக்கும். பிள்ளையார் தானா வரவழைச்சுண்டிருக்கார். பத்து நாளா நான் இதைத்தான் பறிச்சுச் சாத்திண்டிருக்கேன்."

"டப்பால பெர்முடான்னு போட்டிருந்தான்."

"டப்பால என்ன வேணாப் போடுவான்."

கஸ்தூரிரங்கன் செல்பேசியை எடுத்துத் தேடினார். டப்பாவும் மனைவியும் ஒரே செடியைத்தான் குறிப்பிடுகிறார்கள் என்பது உறுதியாயிற்று. அவர் நடந்துவந்த வழியைக் கைகாட்டினார். அபயாம்பாள் பச்சைக் கோட்டைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மழையிலயே வளர்ந்த புல், அழுகாது. வேரோடு எடுத்து நட்டா தைக்குள்ள பிடிச்சுடும்" என்றார் அவர்.

"நன்னாயிருக்கே" என்றாள் பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த ஸ்ரீரஞ்சனி. "பிள்ளையார்கிட்ட வந்ததைத் திருப்பிக் கேக்கறதாவது."

"நான் கொடுக்கலையே. வெள்ளம் அடிச்சுண்டு வந்துது."

"எப்படி வந்தா என்ன, வரவேண்டிய இடத்துக்கு வந்துடுத்து."

எதிர்பாராத பக்கத்திலிருந்து ஆதரவு வந்தது. "எட்துக்கினு போ சாமி, மொத்தத்தையும் எட்துக்கினு போ" என்றாள் அன்புச்செல்வி. "இந்தப் புல்லு மொளச்சதுலேர்ந்து என்னான்ட ஒரு மால வாங்க ஆளு இல்ல. வர்றவங்கல்லாம் குனிஞ்சி ஃப்ரீயா பறிச்சிக்கிறாங்க. கூட ஒன் சம்சாரமும் கீது."

சத்தம் கேட்டுக் குருக்கள் வெளியே வந்தார். இரு தரப்பையும் கேட்டபின் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பிள்ளையார் இடத்துல முளைச்சது பிள்ளையாருக்கு. அதுல பேச்சில்லை. ஆனா அர்ச்சனை பண்ணினப்புறம் அது பிரசாதம். பிரசாதத்தை யாருக்கு வேணாத் தரலாம். வேரோட கொண்டு வாங்கோ, அர்ச்சனை பண்ணித் தரேன். வாங்கிக்கறவர் மட்டும் உள்ள வந்து வாங்கிக்கணும்."

எல்லோரும் கஸ்தூரிரங்கனைப் பார்த்தார்கள்.

"அபயா வாங்கிக்கட்டுமே" என்றார் அவர்.

"அக்ரிமென்ட் உங்க பேர்ல இருக்கு" என்றாள் அபயாம்பாள்.

அவர் கோயில் நடையைப் பார்த்தார். அதற்கு அப்பால் ஆதம்பாக்கம் தெரிந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றினார். உள்ளே நின்ற நேரம் முழுவதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சேதமடைந்த கிடங்கைப் பார்வையிடுபவரைப் போல விதானத்தைப் பார்த்தார் என்பது அபயாம்பாளின் கூற்று. குருக்கள் கோத்திரமும் நட்சத்திரமும் கேட்டபோது, அலுவலக விசாரணைக்குப் பதில் சொல்லும் தொனியில் சொன்னார். பிரசாதத்தை வாங்க மட்டும் கைகளை முன்னே கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டு சிமென்டுக் கூடைகள் நிறையப் புல். மேலே ஒரு செம்பருத்தி.

இரண்டு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஒவ்வொரு சங்கடஹர சதுர்த்திக்கும் இந்தப் புல்லில் முதல் பறிப்பு பிள்ளையாருக்கு என்பது குருக்களின் நிபந்தனை. பறித்ததை மாலையாகக் கட்டுபவள் தான் மட்டுமே, கட்டுக்கூலி தனி என்பது அன்புச்செல்வியின் நிபந்தனை.

மார்கழிப் பனியில் புல் வேர்பிடித்து ஓடியது. தை பிறந்தபோது கருகிய வட்டங்கள் எங்கே இருந்தன என்று சொல்ல முடியவில்லை. ஆனால் புதிதாக ஒரு சங்கடம் முளைத்திருந்தது: அது பிரசாதம், மிதிக்கக் கூடாது. கணவனும் மனைவியும் சுவரை உரசியபடி பூனைபோல வீட்டுக்குள் போய்வந்தார்கள். பாட்டு மாணவிகள் வரிசையாகச் சுவரோரம் நடந்தார்கள். கேஸ் சிலிண்டர்காரர் மட்டும், "இதுக்கு ஆதம்பாக்கமே தேவலாம் சார்" என்றார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

நீரஜா சொன்னபடியே தை மாதக் கடைசியில் ஒரு காலையில் வந்தாள். கேட்டருகே நின்று வெகுநேரம் பார்த்தாள். "முன்னாடி இருந்ததைவிட அடர்த்தியா இருக்கே சார். இங்க ரெண்டு நாற்காலி போடுங்க, உக்காந்து காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்." செருப்பை உதறிவிட்டு ஒரு காலைத் தூக்கினாள்.

"வேண்டாம்மா, மிதிக்கப்படாது" என்றாள் அபயாம்பாள். "பிரசாதம்."

"எது?"

"புல்லு."

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நீரஜா நிற்கும்போதே கேட் திறந்தது. அன்று சதுர்த்தி. ஸ்ரீரஞ்சனி தலைமையில் பெண்கள் கூடைகளுடன் வந்து, சுவரோரமாக வரிசையில் நகர்ந்து, உட்கார்ந்து பறிக்கத் தொடங்கினார்கள். கஸ்தூரிரங்கன் நடந்தவை அனைத்தையும், அறிக்கை வாசிப்பவரைப் போல, விட்டுப்போகாமல் வரிசைப்படி எடுத்துரைத்தார்.

"மாசா மாசம் வருவாங்களா?"

"மாசா மாசம்."

"சரி, நாளைக்கு இந்த வீட்டுக்கு நான் வேற யாரையாவது வெச்சா?"

பதிலை ஸ்ரீரஞ்சனி சொன்னாள். "அவாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. அவாளுக்கு இஷ்டமில்லேன்னா நீங்களே புனேலேர்ந்து வந்து பறிச்சுக் குடுத்துட்டுப் போங்கோ. சொத்து உங்களோடதாச்சே, பிள்ளையாருக்குப் பாக்கி வைக்கலாமா?"

நீரஜா காலைச் சுவரோரம் கவனமாக இறக்கினாள். சிறிது யோசித்தாள். பிறகு, "பேனா இருக்கா சார்?" என்று கேட்டாள். ஒப்பந்தத்தின் அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தாள்: 'புல்வெளியும் அது சார்ந்த தெய்வ காரியங்களும் குடியிருப்பவர் பொறுப்பு. அடுப்பு கூடாது.' கையெழுத்திட்டாள். காபியை எல்லோரும் வாசற்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து குடித்தார்கள்.

அந்த வரியின்படி, பறித்த புல்லை மாதந்தோறும் கோயில் வாசலில் சேர்ப்பது கஸ்தூரிரங்கனின் வேலை. எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்து, கோயிலுக்கு நேரே வந்ததும் சாலையைக் கடந்து, கூடையை அன்புச்செல்வியின் அருகே வைத்துவிட்டு, அவள் எண்ணிக் கட்டும்வரை தெருவைப் பார்த்தபடி நிற்கிறார்.

"செருப்ப கய்ட்டி ஓரமா வெச்சிக்கினு தான நிக்கிற" என்றாள் அவள் மாசி மாதம். "உள்ள போனா இன்னா சாமி?"

"நான் டெலிவரிக்கு வந்திருக்கேன்" என்றார் கஸ்தூரிரங்கன்.