இழுத்து அளந்த பதினெட்டுப் போர்வைகள்

ஜெகநாதன் 1931இல் ஆரணியில் பிறந்தார். பதினான்கு வயதில் தறிக்குழியில் இறங்கி முப்பது ஆண்டுகள் பட்டு நெய்தார். நெசவாளர் சங்கத்தின் அளவுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே நான் கடைசியாக எழுதியது 1975 ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்த சேலை: மாம்பழ நிற உடல், அரக்குக் கரை, அளவு சரி, குறை இல்லை.

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில், அரிசி ஆலைக்குத் திரும்பும் முனையில் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று பின்வாங்கியது. அவருடைய வலது முழங்கால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் படுத்திருந்தார். எலும்பு கூடியது, முழங்கால் மடங்கவில்லை. குழித்தறியில் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க இரண்டு காலும் மடங்க வேண்டும். அதனால் தறி அவருடைய தம்பி முருகேசனின் கைக்குப் போனது.

அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தன. தறி முன்கூடத்தில் இருந்தது. ஜெகநாதன் எதிர்ச்சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, தம்பி நெய்வதைப் பார்ப்பார். பார்ப்பதோடு நிற்க மாட்டார்.

"கரை ஓரம் தொய்யுது பாரு."

"தொய்யல அண்ணா."

"இங்க இருந்தே தெரியுது. உனுக்கு அங்க இருந்து தெரியலியா?"

"அண்ணா, நீ கொஞ்ச நேரம் கண்ண மூடிகினு இருந்தியானா இன்னைக்கு ரெண்டு முழம் கூட ஓடும்."

இப்படி எட்டு மாதம் போனது. 1976 ஜூனில் ஜெகநாதனின் மகள் லீலா, மாதர் சங்கம் நடத்திய பின்னல் வகுப்பில் சேர்ந்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஒரு ஜோடி அலுமினிய ஊசியும் ரோஜா நிறத்தில் ஓர் உருண்டை உல்லன் நூலும் கொண்டுவந்து தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினாள்.

"இன்னாம்மா இது, ஒத்த நூலா இருக்குது? நீட்டுக்குப் போற பாவு எங்க?"

"பாவெல்லாம் கிடையாது நைனா. ஒரே நூலுதான், அதுவே போயிகினு இருக்கும்."

"பாவு இல்லாம ஒரு துணியா? கொசுவலை பின்றியா?"

"உனுக்குத்தான் பின்றேன். மூஞ்சில போட்டுகினு தூங்கு, சித்தப்பா நிம்மதியா நெய்யட்டும்."

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ஜெகநாதன் ஊசிகளை எடுத்தார். அவள் திரும்பி வருவதற்குள் நான்கு வரி போட்டிருந்தார். ஐந்தாவது வரிக்கு ஊசி நுழையவில்லை. நெசவில் குறுக்கே ஓடும் ஊடை நூலை அச்சால் அடித்து இறுக்க வேண்டும். பின்னலில் நூலைத் தளர விட வேண்டும். முப்பது ஆண்டு இறுக்கிய கைக்குத் தளர விடுவது வர ஐந்து மாதம் ஆயிற்று. அலுமினிய ஊசி வழுக்குகிறது என்று, பாவு நூலைப் பிரித்து வைக்கும் பழைய மூங்கில் குச்சிகளைச் சீவி, பட்டுக் கழிவால் தேய்த்துத் தனக்கு இரண்டு ஊசி செய்துகொண்டார்.

பின்னலில் அடிப்படை இரண்டே கண்ணிகள். ஊசியை முன்புறமிருந்து விட்டு நூலை இழுத்தால் நேர்க்கண்ணி. பின்புறமிருந்து விட்டு இழுத்தால் புறக்கண்ணி. ஒரு பக்கம் முழுக்க நேர்க்கண்ணியாகவே வந்தால் துணி வழவழப்பாக இருக்கும், ஆனால் ஓரம் வெயிலில் போட்ட வெற்றிலைபோலச் சுருண்டுகொள்ளும். இரண்டையும் கலந்தால் சுருளாது. ஐந்து நேர், ஐந்து புறம் என்று ஆறு வரி போட்டு, பிறகு இடம் மாற்றினால் கட்டம் கட்டமாக மேடும் பள்ளமும் வரும். ஒன்று நேர், ஒன்று புறம் என்று வரிக்கு வரி மாற்றினால் மேற்பரப்பு முழுவதும் சிறு மணிகளாக எழும். ஆலையில் கொட்டிய நொய்யைப்போல இருக்கிறது என்று ஜெகநாதன் அதற்கு நொய் என்றே பெயர் வைத்தார். அதற்கு மேல் எந்த வேலைப்பாடும் அவர் கற்கவில்லை. பூ, இலை, மான் எல்லாவற்றையும் லீலாவுக்கு விட்டுவிட்டார்.

மாதர் சங்கத்துக்குப் பத்துக் கட்டில் கொண்ட ஒரு பிரசவ விடுதியும் இருந்தது. அதன் தலைமை நர்ஸ் ஜெயம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று குடும்பத்தார் பழைய வேட்டிக் கிழிசல்தான் கொண்டுவருவார்கள். எடை குறைந்த குழந்தைக்கு மார்கழிக் குளிரில் அது போதவில்லை. விடுதித் துணி என்றால் புதுத்துணிக் கணக்கில் வராது, யாரும் மறுக்க மாட்டார்கள் என்று ஜெயம் கண்டிருந்தார். 1977 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை, லீலா காட்டிய மாதிரியைப் பார்த்துவிட்டுப் பதினெட்டுப் போர்வை கேட்டார். சந்தன நிறம், கட்டப் பின்னல், பக்கத்துக்கு முப்பத்திரண்டு அங்குலம் சதுரம். டிசம்பர் முடிவதற்குள் வேண்டும். நன்றாக இருந்தால் தொடர்ந்து வேலை தரலாம் என்றும் சொன்னார்.

ஜெகநாதனுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். ஏனென்றால் தீபாவளியன்று முருகேசன் ஓர் ஏற்பாட்டோடு வந்திருந்தார். வந்தவாசியில் அவருக்குத் தெரிந்த அரிசி ஆலையில் வாசல் காவலுக்கு ஆள் தேவை. தங்க அறை உண்டு, சாப்பாடு உண்டு.

"ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகினு லாரி வந்தா கேட்ட தொறக்கணும். அவ்ளோதான் அண்ணா."

"தொறந்துட்டு?"

"மூடணும்."

ஜெகநாதனின் மனைவி அபிதகுசாம்பாள் உள்ளிருந்து சொன்னார்: "அவருக்குக் காவலெல்லாம் ஒத்து வராது கொழுந்தனாரே. மத்தியானம் ஆனா உட்கார்ந்த எடத்துலயே தூங்கிடுவாரு. லாரிக்காரன் அவரையும் சேத்து ஏத்திகினு பூடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஏற்பாடு அப்படியே நின்றது. பின்னல் வேலை நிலைத்தால் ஆரணியிலேயே இருப்பது, இல்லாவிட்டால் பிப்ரவரி முதல் தேதி வந்தவாசிக்குப் போவது என்று ஜெகநாதன் ஒப்புக்கொண்டார்.

நாற்பது நாளில் பதினெட்டுப் போர்வையும் முடிந்தன. காலையில் எட்டு மணி முதல் அவரும், வகுப்பு முடிந்து வந்து லீலாவும் பின்னினார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஜெகநாதன் அளந்தார். ஒரு பக்கத்தைச் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டி, எதிர்ப்பக்கத்தை லீலா இழுத்துப் பிடிக்க, டேப்பை வைப்பார். தறியில் பாவு நூலை எப்போதும் அப்படித்தான் அளப்பது. பட்டுப் பாவு இழுத்தாலும் விட்டாலும் அரை அங்குலம்கூட மாறாது. பதினெட்டும் முப்பத்திரண்டு இருந்தன.

டிசம்பர் 28, புதன்கிழமை காலை, விடுதிக்கு மூட்டையோடு போனோம். அளவு எழுதுபவன் உடனிருந்தால் நல்லது என்று என்னையும் அழைத்திருந்தார். ஜெயம் ஒரு போர்வையை மேசைமேல் விரித்துக் கையால் தடவிச் சமன்படுத்தி, என் டேப்பை வாங்கி வைத்தார். இருபத்தேழரை. இன்னொன்று, இருபத்தேழு. மூன்றாவது, இருபத்தேழரை.

"என்னங்க இது, கால மூடினா தலை வெளிய வரும், தலைய மூடினா கால் வெளிய வரும் போலிருக்குதே."

"முப்பத்திரண்டுதான் சிஸ்டர். லீலா, அந்தப் பக்கம் புடி." இருவரும் இழுத்தார்கள். "வச்சிப் பாருங்க."

ஜெயம் வைத்துப் பார்த்தார். முப்பத்திரண்டு.

"சரிதான். ஒவ்வொரு தொட்டில்கிட்டயும் ரெண்டு பேரு நின்னு இழுத்துப் புடிச்சிகினு இருப்பீங்களா?"

தரை துடைத்துக்கொண்டிருந்த கண்ணகி என்ற பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜெகநாதன் போர்வைகளை ஒவ்வொன்றாக மடித்தார். பொங்கலுக்கு முன் அளவைச் சரிசெய்து கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றும் ஜெயம் சொன்னார்.

வீட்டுக்கு வந்த ஜெகநாதன் மாலைவரை சாப்பிடவில்லை. தறியிலிருந்து அறுத்த சேலை குட்டையாக இருந்தால் அது குட்டைதான்; மீண்டும் தறியில் ஏற்ற வழி இல்லை. போர்வையையும் அவர் அப்படித்தான் நினைத்தார். அனைத்தையும் பிரித்து முதலிலிருந்து பின்னப் பதினாறு நாள் போதாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"வந்தவாசிக்கு எழுதிப் போட்டுடட்டுமா அண்ணா?"

"போடு."

மறுநாள் காலை கார்டு தபாலில் சேர்ந்தது.

அன்று மதியம் லீலா ஒரு போர்வையின் ஓரத்தில் ஊசியை விட்டு, வரிசையாகக் கண்ணிகளை எடுத்துக் கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றே?"

"ஓரத்துல கண்ணி இருக்குது இல்ல நைனா, அத எடுத்து அதும் மேலயே பின்னிகினு போலாம். நாலு பக்கமும் ரெண்டே கால் அங்குலம் போட்டா சரியாப் பூடும்."

"அறுத்த துணி மேல எப்டிம்மா ஏறும்?"

"யாரு அறுத்தா? முடிச்சிதானே போட்டு வச்சிருக்குது."

ஜெகநாதன் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூங்கில் ஊசியை எடுத்தார்.

சந்தன நிற நூல் மீதி இல்லை. ஆரணிக் கடையில் வேண்டிய அளவுக்கு இருந்தது அரக்கு நிறம் மட்டும். அதையே வாங்கினார்கள். ஓரம் சுருளாமல் இருக்க நொய்ப் பின்னல். முதலில் இரண்டு பக்கவாட்டு ஓரங்கள், பிறகு மூலைகளையும் சேர்த்து மேலும் கீழும். இந்த முறை ஆணியும் இல்லை, இழுப்பதும் இல்லை. பாயில் விரித்துத் தடவி அளந்தார்கள். அபிதகுசாம்பாள் கண்ணி எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். கடைசி ஐந்து நாள் முருகேசனும் மாலையில் தறியைவிட்டு ஏறி வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, இது சேலைக்குத் தனியாக் கோத்து நெய்த கரை மாதிரியே இருக்குது."

"பேசாம பின்னு. உன் கரை தொய்யுது."

1978 ஜனவரி 13, போகியன்று, பதினெட்டும் விடுதிக்குப் போயின. பதினேழுக்கு நான்கு பக்கமும் கரை இருந்தது. பதினெட்டாவதற்கு மூன்று பக்கம்தான் முடிந்திருந்தது. மேசையில் விரித்து அளந்ததில் அந்தப் பதினேழும் முப்பத்திரண்டு அல்லது ஒரு நூல் அளவு அதிகம். ஜெயம் அந்த மூன்று பக்கத்துப் போர்வையையும் எடுத்துக்கொண்டார். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தினால் இவை இரண்டு மூன்று வருஷம் வரும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

வேலை ஏற்கப்பட்டது, ஆனால் அடுத்த வேலை இல்லை. வந்தவாசியிலிருந்து பதில் கார்டும் வந்துவிட்டது. பொங்கல் கழித்து ஜெகநாதன் ஒரு தகரப் பெட்டியில் வேட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்.

ஜனவரி 31, செவ்வாய்க்கிழமை மாலை, ஜெயம் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பதினெட்டுல மூணுதாங்க இருக்குது."

"கிழிஞ்சி போச்சா சிஸ்டர்?" என்று ஜெகநாதன் கேட்டார்.

"எங்க கிழியறது? குழந்தையோட சேந்து ஊட்டுக்குப் போயிடுச்சி. வெறும் வெள்ளைத் துணின்னா மறக்காம மடிச்சி வச்சிட்டுப் போறாங்க. இத மட்டும் ஒருத்தரும் திருப்பித் தரல. தேவிகாபுரத்துல இருந்து சின்னபொண்ணுன்னு ஒரு பொண்ணு வந்தா. அவ மாமியார்கிட்ட நேராவே கேட்டுட்டேன். அந்தம்மா என்னையே கேக்கறாங்க, 'கரை வச்ச துணிய புள்ள மேல போத்திட்டு உருவிக்குவியாம்மா? கரை வச்சிப் போத்தினா அது சீரு இல்லியா?'ன்னு. நான் என்ன சொல்றது?"

இந்தப் பக்கத்தில் ஒருவருக்குக் கரை வைத்த துணி போர்த்தினால் அது அவருக்குக் கொடுத்ததுதான். திருப்பி வாங்குவது பெரிய அவமானம். அந்தக் கரையைப் பின்னியவர்கள் அவர்கள் நான்கு பேர். நான் அதை அளந்தவன். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஜெகநாதன் ஒரு வழி சொன்னார். "அப்போ கரை இல்லாம பின்னித் தர்றேன் சிஸ்டர். உடம்பும் ஓரமும் ஒரே நிறமாப் பூட்டா எல்லாம் திரும்பி வந்துடும். பதினெட்டே காலத்துக்கும் போதும்."

அபிதகுசாம்பாள் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏங்க, உங்கள யாரு கேட்டா?"

"வேணாம்" என்றார் ஜெயம். "மாதர் சங்கத்துல பேசிட்டோம். எடை குறைஞ்சி பொறக்கிற ஒவ்வொரு கொழந்தைக்கும் ஒண்ணு, அதுக்கே சொந்தமா. மாசம் எட்டு. இதே மாதிரி, இதே கரை. செய்வீங்களா?"

"செய்வேன்."

1986 மார்ச் வரை அவர் மாதம் எட்டுப் போர்வை கொடுத்தார். லீலா திருமணமாகிப் போன மாதத்தில் மட்டும் ஆறு.

ஜெயம் வந்துபோன மறுநாள், 1978 பிப்ரவரி முதல் தேதி, வந்தவாசிக்குப் போனது முருகேசன்தான். அண்ணன் வரமாட்டார் என்று நேரில் சொல்லிவிட்டு வர முதல் பஸ்ஸில் ஏறினார். ஆலை மேனேஜருக்குக் கோபம்.

"கால் சரியாப் போச்சா உங்க அண்ணனுக்கு?"

"இல்லைங்க."

"பின்ன என்ன? ஊட்ல சும்மாதானே உட்கார்ந்திருக்காருன்னு நீயே எழுதினியே?"

"அப்போ எழுதினேங்க. இப்போ அவருக்கு வேலை இருக்குது. ஆளு பத்தல" என்றார் முருகேசன். "சாயந்தரத்துல நானே போய்தான் கரை போட்டுகினு இருக்கிறேன்."