மாமா தனியாகச் சாய்த்த பாய்மரம்

என் அக்காள் கணவருக்கு எண்ணூர் ஆற்றில் ஒரு சின்னப் படகு இருக்கிறது. இன்ஜின் கிடையாது, ஒற்றைப் பாய்தான். படகைக் கட்டிவைக்கும் இடத்துக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே ஒரு தாழ்வான பாலம். பாய்மரத்தைச் சாய்த்தால்தான் அடியில் நுழைய முடியும். மாமா துடுப்பைப் பிடிக்க, அவருடைய அண்ணன் மரத்தை இறக்குவார். போன வருடம் அண்ணன் காட்டுப்பள்ளியில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். படகு கரையோடு நின்றது.

"வித்துத் தொல. தனியா போய் பாலத்துல மண்டைய ஒடச்சிக்கினு வந்தா யாரு பாக்கறது?" என்றாள் அக்கா. படகை வாங்க ஓர் ஆளையும் பேசி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டாள்.

 மாமா திருவொற்றியூரில் நான் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு வந்தார். தரையில் சாக்பீஸால் வரைந்தார். மரத்தின் அடியை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து, குறுக்கே ஒரு போல்ட். அது கீல் மாதிரி மடங்க வேண்டும். அடியிலிருந்து முன்பக்கம் நீட்டிய ஒரு மூங்கில். மர உச்சியிலிருந்து வரும் கயிறு மூங்கில் நுனியைத் தொட்டு, படகின் முனையில் கப்பியைச் சுற்றி, பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர் காலடிக்கு வரும். மரம் படுத்தால் மூங்கில் நிமிரும். அதனால் படுத்த மரத்தையும் ஒருவரே இழுத்து எழுப்பலாம். மாமா ஐந்தாவதுதான் படித்தவர். பத்தாவது படித்த எனக்கு இது தோன்றியிருக்காது.

தகடுகளை நூல்கூட நுழையாதபடி மரத்தோடு ஒட்டிப் பொருத்தினேன். பட்டறையில் அதற்குப் பேர் நல்ல வேலை.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தார். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கயிற்றைத் தளர்த்தினார். மரம் அசையவில்லை. நீரோட்டம் படகைப் பாலத்தை நோக்கித் தள்ளியது. நங்கூரத்தை எறிந்து எப்படியோ நிறுத்தினார்.

"இன்னா மாமு, பாலத்த தூக்கச் சொல்லட்டா?" என்று கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கயிறு சிக்கிக்கிச்சுபா" என்றார் மாமா.

கயிறு சிக்கவில்லை. நான் கூனிக் குறுகி நின்றேன். யாரும் இல்லாதபோது என்னிடம் சொன்னார்: "மச்சான், தண்ணியில ஊறினா மரம் உப்பும். மோதரம் மாட்ற மாதிரி மாட்டிவெச்சிக்கீறியே! கொஞ்சம் ஆட்டம் குடு."

அன்று மாலையே தகடுகளை விரித்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை, வாங்குபவர் வருவதற்கு முன்பே மாமா படகை எடுத்தார். அக்கா கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

துடுப்பை அக்குளில் இடுக்கியிருந்தார். கயிற்றை ஒரு முளையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காலால் மிதித்திருந்தார். பாலம் நெருங்க நெருங்கக் காலை லேசாகத் தூக்கினார். கயிறு வழுக்கிப் போக, மரம் அவசரமில்லாமல் பின்பக்கம் சாய்ந்து வந்து, அவர் தோளுக்குப் பக்கத்தில் நட்டிருந்த கவைக்கம்பில் படுத்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்கப் பாலத்தூண் மேலேயே இருந்தது. நிழலுக்குள் போனார். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றை இழுத்தார். மரம் எழுந்து நின்றது. பாய் காற்றைப் பிடித்தது.

வலைக்காரர்களில் ஒருவர் விசில் அடித்தார். நானும் அடித்திருப்பேன், எனக்குத்தான் விசில் வராதே.

அக்கா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, படகு வாங்க வருபவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கெளம்பிட்டீங்களா? வராதீங்க. படகு ஓடிக்கினு கீது."