நாலாம் வரிசை மரச்சீனி

தென்னை ஈர்க்கின் நுனியால் ஒரு குத்து. தடையில்லாமல் உள்ளே இறங்கினால் வெந்துவிட்டது. நடுவில் நின்றால் இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும். ரசலையன் முற்றத்தில் செங்கல் கூட்டிய நாலு அடுப்புகளின் முன்னால் முக்காலியில் இருந்துகொண்டு சட்டி சட்டியாகக் குத்திப் பார்க்கிறார். நாலு சட்டியும் ஒரே அளவு. ஒரே கிணற்றுத் தண்ணீர், எண்ணிப்போட்ட விறகு, ஒரே கையளவு உப்பு. உள்ளே கொதிக்கிற மரச்சீனிக் கிழங்கு, மற்ற ஊர்களில் மரவள்ளி என்பார்களே அது மட்டும் நாலு இனம். எது முதலில் வெந்ததோ அதற்கு அடுப்புக் கரியால் சுவரில் ஒரு கோடு.

ருசி பார்க்கும்போது மீன்கறி கிடையாது. "கறி பொய் சொல்லும் மக்கா. சாளைக் கறிய ஊத்தினா ஓலப்பாயும் ருசிக்கும்" என்பார். வெறும் கிழங்கு ஒரு துண்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த சட்டி. மீந்த கிழங்குதான் மத்தியானச் சாப்பாடு. அதிலும் மீந்தால் ராத்திரிச் சாப்பாடு. மனைவி பெமிலா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. மகள் பிரீனா அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இவர் வீடு வந்து சேரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் நாலு சட்டிகள்தான்.

வயது அறுபத்தெட்டு. மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் காய்கறிக் கிட்டங்கியில் உருளைக்கிழங்கு தரம் பிரித்த கை. கப்பலில் வரும் தவிட்டுநிறத் தொலி உருளைக்கிழங்கில் மட்டும் ஏழு இனத்தைத் தொட்டே சொல்லுவாராம். பொரித்தால் வெளுப்பாய் வருவது எது, எண்ணெயில் கறுப்பது எது, மூட்டைக்குள் மாசக்கணக்காய்க் கிடப்பது எது என்று. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஊருக்கு வந்த பிறகு அதே கண்ணை மரச்சீனிமேல் வைத்தார். வீட்டுக்குப் பின்னால் வரிசைக்கு இருபது மூடு செடி. ஏக்கர் கணக்கில் மரச்சீனி போடுகிறவர்கள், நடுவதற்கு முன்னால் இங்கே வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். கூலி எதுவும் வாங்குவதில்லை. சட்டி வேகும்வரை கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல பேச்சுக்காரர் யாராவது வந்தால், வேக நேரமெடுக்கும் இனமாகப் பார்த்து அடுப்பில் வைப்பார்.

நடுகிற கம்பு யார் வீட்டிலிருந்து வந்ததோ அவர்கள் பேர்தான் அந்த வரிசைக்கு. பெயிண்ட் வாளியை வெட்டிய துண்டில் எழுதிக் குச்சியில் கட்டியிருக்கிறார். முதல் வரிசை ஜான்ரோஸ், பெமிலாவின் தம்பி. இரண்டாவது ஜினிஷா, அக்காள் பூங்கனியின் மருமகள். மூன்றாவது யேசுரத்தினம்; சித்தப்பா மகள். நாலாம் வரிசையிலும் வாளித்துண்டு தொங்குகிறது. அதில் ஒன்றும் எழுதவில்லை.

இந்த மாசியில் திருவட்டாற்றிலிருந்து முத்துநாயகம் வந்தார். ரப்பரை முறித்துப்போட்ட ஆறு ஏக்கரில் மரச்சீனி நடப்போகிறார். சிப்ஸ் போடுகிற ஒரு கம்பெனி மொத்தமாய் எடுத்துக்கொள்ளும். ஆனால் எண்ணெயில் சிவக்கக் கூடாது. பிடுங்கி மூன்று நாள் கிடந்தாலும் உள்ளே கரிக்கோடு விழக் கூடாது. இனம் பிசகினால் ஒரு வருஷம் போச்சு.

"ஜான்ரோஸ் எப்பிடி அண்ணாச்சி?"

"பாக்கத் தடியா இருப்பான். உள்ள பூராவும் நாரு. வேகவும் மாட்டான்."

"ஜினிஷா?"

"ஆறு மாசத்துல வெளஞ்சிருவா. ஆனா பிடுங்கின மறுநாளே மொகம் கறுத்திரும்."

"யேசுரத்தினம்?"

"அருமையான கிழங்கு. ஒரு காத்தடிச்சா மல்லாந்து விழுந்திரும்."

முத்துநாயகம் சிரித்துவிட்டார். "ஓய், ஆளச் சொல்லுதீரா, கிழங்கச் சொல்லுதீரா?"

"ரெண்டுக்கும் பொருந்துனா நான் என்ன செய்ய முடியும்?"

"நாலாவதுக்குப் பேரில்லியா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு ரசலையன் அடுப்பை ஊதினார்.

பேர் உண்டு. அந்தக் கம்பைக் கொண்டு வந்தது பூங்கனி. சந்தையில் வாங்கினேன் என்று சொல்லித்தான் கொடுத்தாள். துளிர்த்து வந்த இலைக்காம்பின் சிவப்பைப் பார்த்ததுமே இவருக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் யேசுதாசனின் விளைத்தோட்டத்திலிருந்து வந்ததென்று. அண்ணனோடு பேச்சு நின்று பதினோரு வருஷம். அம்மா இறந்த அன்று இவர் மஸ்கட்டிலிருந்து விமானம் ஏறிவிட்டார். நாலு மணிக்கே அண்ணன் அடக்கத்தை முடித்துவிட்டார். ஆறு மணிக்கு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மழை கறுத்துக்கொண்டு வந்தது, போதகர் அவசரப்படுத்தினார் என்று பூங்கனி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு மணிக்கூர் பொறுக்கப்படாதா?" என்பதற்கு மேல் இவரிடம் வேறு பேச்சில்லை. ஆனால் மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினால் இடதுபக்க ஜன்னலோரம்தான் இருப்பார். யேசுதாசனின் விளை அந்தப் பக்கம் வரும்.

அன்றைக்கு நாலாவது சட்டிதான் முதலில் வெந்தது. நாலு இனத்தின் சீவலையும் தேங்காயெண்ணெயில் போட்டார். நாலாவதுதான் வெள்ளையாக மிதந்தது. முத்துநாயகம் குதித்துவிட்டார்.

"இதுதாம் அண்ணாச்சி! இதே போதும்!"

"மூணு நாள் கழிச்சு வாரும். கறுக்குதான்னு பாக்கண்டாமா?"

மூன்று நாளும் நாலாம் வரிசைக் கிழங்கு மேசைமேல் கிடந்தது. மற்ற கிழங்குகளோடு வாய்விட்டுப் பேசுகிறவர் இதைச் சுற்றிச் சுற்றி மட்டும் நடந்தார். கறுத்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. முத்துநாயகம் யேசுரத்தினத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். துண்டு போட்டு நட்டாலும் ஆறு ஏக்கருக்கு மூவாயிரம் கம்பு வேண்டும். இவரிடம் உள்ளது இருபது மூடு. மிச்சத்துக்கு எந்த வாசலில் போய் நிற்பது என்று முத்துநாயகம் கேட்பார். அந்த வாசலில் போய் நின்றால், சொல்லியனுப்பியது யார் என்று அங்கே கேட்பார்கள்.

மூன்றாம் நாள் முத்துநாயகம் தாமே பிச்சாத்தியை எடுத்துக் குறுக்கே நறுக்கினார். பால் கையில் ஒட்டியது. உள்ளே பாலாடை போல வெள்ளை. "கரிக்கோடு இல்ல, பாத்தீரா?"

"இல்ல" என்றார் ரசலையன். பிறகு, "காத்துலயும் நிக்கும். எலிதான் கொஞ்சம் தோண்டும்."

"அப்பம் கம்புக்கு எங்க போக?"

ரசலையன் வெட்டுப்பட்ட இரண்டு பாதியையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தி வைத்தார்.

"எங்க அண்ணன் விளையில ரெண்டு ஏக்கர் நிக்கி. அஞ்சாயிரம் கம்பு தேறும்."

"நீரு அங்க போறதில்லன்னுல்லா கேள்வி? எப்பிடித் தெரியும்?"

"பஸ்ஸில இருந்து பாத்தா தெரியும்."

அண்ணன் நம்பரை எங்கும் பார்க்காமல் ஒப்பித்தார். பிசுக்குக் கையோடு முத்துநாயகம் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கவிழ்த்துவைத்த சட்டிமேல் வைத்தார். மணி நாலைந்து தரம் அடித்தது.

"ஆரு?"

"நான் திருவட்டாறு முத்துநாயகம். ஆறு ஏக்கருக்கு மரச்சீனிக் கம்பு வேணும். உங்க விளையில நிக்கது நல்ல இனம்னு சொன்னாவ."

"ஆரு சொன்னா?"

முத்துநாயகம் ரசலையனைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டவுமில்லை, வேண்டாமென்று கையைக் காட்டவுமில்லை.

"உங்க தம்பி."

அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது. முத்துநாயகம் போன்மேல் குனிந்தார்.

"அவன் கிழங்கு காரியத்துல பொய் சொல்லமாட்டான்" என்றது குரல். "வேணுங்கிறத வெட்டிக்கிடும்." பிறகு, "அவன் அங்க நிக்கானா?"

ரசலையன் முக்காலியிலிருந்து எழுந்தார். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக் கணுக்கால் மூட அவிழ்த்துவிட்டுக்கொண்டு, போனின் முன்னால் நின்றார்.