மணியில்லாத ரிக்‌ஷா

ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். ஜெயவேலு டீ குடிப்பது அப்படித்தான். குப்புராஜ் கடைப் பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். கிளாஸில் பாதி இருக்கும்போதே காது தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போய்விடும். "பீச் வண்டி வந்துட்ச்சுப்பா!" என்று மீதி டீயைப் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டு ரிக்‌ஷாவை மிதித்துக்கொண்டு பறப்பார். சவாரி முடிந்து வந்து அதையே எடுத்துக் குடித்துவிட்டு, "இன்னா டீ போடறே நீ, ஆறிக் கெடக்குது" என்று குப்புராஜிடமே சண்டைக்கு நிற்பார்.

முடிவெட்டிக்கொள்ளப் போனாலும் இதே கூத்துதான். ஒரு பக்கக் கிருதா மேலேயும் மறு பக்கத்துக் கிருதா கீழேயுமாக அவர் ஊரை வலம் வந்த நாட்கள் உண்டு. வெட்டிக்கொண்டிருக்கும்போதே ரயில் வந்துவிட்டதாம், எழுந்து போய்விட்டாராம். "சோத்தக்கூட வாசப்படில நின்னுகினுதான் துன்னும். கால்ல சக்கரத்தக் கட்டிகினு பொறந்துட்ச்சு, நா இன்னா பண்றது?" என்பார் அவர் மனைவி தாயாரம்மாள்.

இந்த மனிதரை நம்பித்தான் வருஷா வருஷம் ஜூன் மாதம் ஏழு குழந்தைகளை ஒப்படைக்கிறார்கள். செம்பாக்கம் ஏரிக்கரையில் தொடங்கி, சேலையூர் வழியாக, கிழக்குத் தாம்பரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றின் வாசல்வரை சவாரி. பின்சீட்டில் நான்கு, எதிர்ப் பலகையில் இரண்டு, முன்னால் பாரில் மாட்டிய குட்டிச் சீட்டில் ஒன்று. இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கூடைகளும் தண்ணீர் பாட்டில்களும் ஆடிக்கொண்டே வரும்.

குட்டிச் சீட்டு புதிதாகப் பள்ளியில் சேரும் குழந்தைக்கு. அதில் அவருக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. வாசலில் நின்று கண்ணைத் துடைக்கும் தாய்மாரை முதலில் விரட்டுவார். "டாட்டா சொல்லிட்டு உள்ள போம்மா. நீ மூக்க உறிஞ்சினா அது ஊரையே கூட்டிடும்." பிறகு குழந்தையைத் தூக்கி வைத்து, ஹாண்டில்பாரில் இருக்கும் பித்தளை மணியைக் காட்டுவார். "இன்னிலேர்ந்து மணி உன் டூட்டி. மாடு வந்தா அடி, மாமா வந்தா அடி, யாரும் வரலன்னாலும் அடி." கண்ணைக் கசக்க இரண்டு கை வேண்டும்; அதில் ஒன்று மணிக்குப் போய்விட்டால் பாதி அழுகை போச்சு என்பது அவர் சித்தாந்தம். வெள்ளிக்கிழமைக்குள் அழுகை நின்றுவிடும். பதினோரு வருஷமாகப் பலித்த வைத்தியம் எழுபத்து நாலாம் வருஷம் ஜூனில் யூனிஸிடம் பலிக்கவில்லை.

யூனிஸுக்கு ஐந்து வயது. அப்பா சத்தியநாதன் துறைமுகத்தில் கிளார்க், அம்மா பியூலா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். இருவரும் விடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். அவள் மணியைத் தொடவேயில்லை. சத்தம் போட்டு அழவும் இல்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. பள்ளி வாசலில் ஜெயவேலுவின் சட்டையைப் பிடித்தவள் விடவில்லை. ஒண்ணாங்கிளாஸ் ரத்தினபாய் டீச்சர் விரல் விரலாகப் பிரித்துத்தான் உள்ளே தூக்கிப் போனார். பத்து நிமிஷத்தில் டீச்சரே வெளியே வந்தார்.

"ஜெயவேலு, ஜன்னல் வழியா உங்க ரிக்‌ஷா தெரியற வரைக்கும் உக்காந்திருக்கா. நீங்க நகர்ந்தா எழுந்துடறா. ரெண்டு நாள் அந்தப் பூவரச மரத்தடியில நில்லுங்களேன், ப்ளீஸ்."

நில்லுங்கள் என்று ஜெயவேலுவிடம் போய்ச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் நின்றார். மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து தடம் போட்டார். எட்டிய இலையை எல்லாம் பறித்துப் பீப்பீ செய்து ஊதி, "பசங்க படிக்க வேண்டாமா?" என்று டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு ரயில் கூவும்போதும் அவருக்கு உள்ளங்கால் அரித்தது. ஜன்னலில் இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. "நா எங்கியும் போவல கண்ணு, இங்கதான் கீறேன்" என்று கையை ஆட்டுவார். அப்படியே மூன்று நாள் ஓடியது.

நான்காம் நாள் ஒன்பது இருபத்தைந்து வண்டி வந்தது. யூனிஸ் குனிந்து சிலேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? ரிக்‌ஷாவைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார் ஜெயவேலு. ஒரே ஒரு சவாரி. திரும்பி வந்தபோது பள்ளியின் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. ரத்தினபாய் டீச்சர் செருப்பில்லாமல் நடுத்தெருவில் நின்று, "யூனிஸ்! யூனிஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஜெயவேலு அன்று மிதித்த மிதியில் செயின் அறுந்து போகாதது ஆச்சரியம். ரயில்வே கேட்டண்டை கொய்யாப்பழம் விற்கும் பச்சையம்மா, கூடையை அப்படியே போட்டுவிட்டு, யூனிஸை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். கேட் மூடியிருந்தது. ரயில் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது.

"அறிவு கீதாய்யா உனக்கு? ஜெயவேலு வண்டி எங்கன்னு கேட்டுகினே வந்துச்சு கொழந்த. குனிஞ்சு பூந்துட்ச்சுன்னா இன்னா ஆவறது?" என்றார் பச்சையம்மா.

ஜெயவேலு ரிக்‌ஷாவைத் திருப்பி நிறுத்தினார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த யூனிஸ் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை.

பெரிய டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை குழந்தை பள்ளி கேட்டைத் தாண்டினால் இந்த வருஷம் பள்ளி வேண்டாம், அடுத்த ஜூனில் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் பியூலாவிடம் விஷயத்தைச் சொன்னவரும் ஜெயவேலுதான். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றார். திட்டவில்லை. "இவளை வீட்டுல வச்சுப் பாத்துக்க எங்களுக்கு யாரும் இல்ல ஜெயவேலு. நான் வேலைய ரிசைன் பண்ணணும், அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை பள்ளி வாசலில் மற்ற ஆறு பேரும் இறங்கி ஓடினார்கள். யூனிஸ் இறங்கவில்லை. ஜெயவேலு ரிக்‌ஷாவை விட்டு இறங்கி, தரையில் குந்தி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்த வாட்ச்மேன் உடம்புக்கு என்னவோ என்று பயந்து ஓடிவந்தார்.

"கண்ணு, நேத்து நா பொய் சொல்ட்டேன். போவலன்னு சொல்லிட்டுப் பூட்டேன். தப்புதான். இன்னிக்குச் சொல்லிட்டே போறேன். நா போவேன். டேசனுக்குப் போவேன், சேலையூர் போவேன், எங்க எங்கியோ போவேன். சாயங்காலம் பள்ளிக்கோடம் வுட்ற நீண்ட மணி அடிச்சதும் இங்க வந்து நிப்பேன்."

"வரலைன்னா?" என்றாள் யூனிஸ். பள்ளி திறந்து அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஜெயவேலு ஹாண்டில்பாரைப் பார்த்தார். கை தானாகப் போய் மணியின் மூடியைப் பிடித்து இரண்டு திருகு திருகியது. பித்தளைக் கிண்ணம் கழன்று கையோடு வந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இல்லாம வண்டிய ஓட்றது ஒரே பேஜாரு கண்ணு. இத வாங்கறதுக்காச்சும் வந்துதான ஆவணும்?"

யூனிஸ் நம்பவில்லை. எட்டி ஹாண்டில்பாரில் இருந்த விசையை அழுத்தினாள். கிர்ர் என்று ஒரு கீச்சல். இன்னொரு முறை அழுத்தினாள். கிர்ர். மணி நிஜமாகவே போய்விட்டது. கிண்ணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு தானாகவே இறங்கினாள். கேட்டருகில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து தாம்பரம் கடைத்தெருவில் ஜெயவேலுவின் தொண்டைதான் மணி. "ஓரம், ஓரம்! டிங் டிங்! பாட்டிம்மா, டிங் டிங்!" என்று கத்திக்கொண்டே போவார். ஸ்டேஷன் வாசலில் மற்ற ரிக்‌ஷாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா ஜெயவேலு, மணிய அடகு வச்சிட்டியா?" "ஆமா, ஒண்ணாங்கிளாஸ்ல வச்சிகீறேன். உனக்கு இன்னா?" என்பார். சைக்கிள் கடையில் இன்னொரு மணி வாங்கி மாட்டிக்கொள்ளச் சொன்னார் குப்புராஜ். ஜெயவேலுவுக்கு வந்ததே கோபம்! "வாங்கி மாட்னா மறுபடியும் நா அதுகிட்ட பொய் சொன்னவன்தானே? போய்யா!" என்று டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் மணியைத் திரும்ப மாட்டுவது யூனிஸின் வேலை. நாக்கைக் கடித்துக்கொண்டு, மரை பிசகாமல், மெல்லத் திருகுவாள். இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் குட்டிச் சீட்டில் ஏறுவாள். வகுப்பில் அதைக் கவிழ்த்து டெஸ்க் மேல் வைத்துக்கொண்டே இருக்கிறாள் என்று ரத்தினபாய் டீச்சர் சொன்னார். அடுத்த வாரம் அதில் பலப்பம் போட்டு வைக்கிறாள் என்றார். அதற்கடுத்த வாரம், பக்கத்துப் பெண்ணின் பலப்பமும் அதில்தான் இருக்கிறது என்றார்.

ஒருநாள் பொத்தேரிக்கு ஒரு சவாரி. திரும்பும்போது பெருங்களத்தூர் அருகே பின்சக்கரம் பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டது. மூன்றரை மணி. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போக, ரிக்‌ஷாவைத் தள்ளிக்கொண்டே ஓடினார் ஜெயவேலு. ரயில்வே கேட்டில் பச்சையம்மாவின் கூடையைத் தாண்டும்போது பள்ளியில் நீண்ட மணி அடித்து ஓய்ந்தது அவர் காதில் விழுந்தது. அதற்குமேல் கால் தரையில் பட்டதா என்று அவருக்கே தெரியாது. வேர்த்து விறுவிறுத்து வந்து பார்த்தால், பள்ளியின் கேட் அகலத் திறந்து கிடக்கிறது. மற்ற குழந்தைகள் தெருவில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். யூனிஸ் மட்டும் கேட்டுக்கு உள்பக்கம், வாசலைத் தாண்டாமல், மணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"லேட்டு" என்றாள்.

"லேட்டுதான் கண்ணு" என்றார் ஜெயவேலு. சட்டென்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் வியர்வையைத் துடைப்பதுபோல் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அடுத்த ஜூனைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல் வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்தினார். மணியைத் திருகிக் கழற்றி, பக்கவாட்டில் கையை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. குட்டிச் சீட்டு காலியாக இருந்தது. யூனிஸ் அதற்குள் குதித்து இறங்கி, பக்கத்து டெஸ்க் பெண்ணோடு கைகோத்துக்கொண்டு, ஏதோ பெரிய விஷயத்தைப் பேசியபடி வராந்தா ஏறிக்கொண்டிருந்தாள்.

"யூனிஸ் கண்ணு, மணி!" என்று கூப்பிட்டார். அவள் காதில் விழவில்லை.

ஒன்பது இருபத்தைந்து வண்டி கூவிக்கொண்டு வந்து ஸ்டேஷனில் நின்றது. ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு வண்டி புறப்பட்டுப் போகும் சத்தமும் கேட்டது. ஜெயவேலு பூவரச மரத்தடியில், இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உள்ளங்கையில் மணியோடு, ஒண்ணாங்கிளாஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.