மறதிக்கு முன்னால் ஒரு நோட்டீஸ்

ஆள் சேர்க்கும் வேலையில் கதவைச் சாத்துகிறவர்தான் முதல் வாத்தியார். நோட்டீஸோடு படியேறிய எல்லோருக்கும் இது தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்தேன். அவர்களில் பாதிப் பேர் இன்று என்னைக் கண்டால் தெரு மாறுகிறார்கள். இப்போது மறதி நோய் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க ஐம்பது தாண்டியவர்களைச் சேர்க்கிறேன். என் அம்மா கடைசியில் என்னை சிலிண்டர் போட வந்தவன் என்றே நினைத்தாள். ஆனாலும் நான் மட்டும் இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. பயம்தான்.

ஓசிப் புரதம்

சேக்காட்டில் லாரி ஓட்டி ஓய்ந்த ஏழுமலையிடம் விளக்கினேன்: மறதி தெரிவதற்குப் பல வருடம் முன்பே மூளையில் ஒருவகைப் புரதம் படியத் தொடங்கிவிடும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எம் புள்ள ஜிம்முக்குப் போய்கினு டப்பா டப்பாவா புரோட்டீன் வாங்கித் துன்றான். எனக்கு ஓசிலயே சேர்ந்தா உனுக்கு இன்னா அண்ணாத்தே?"

பாகப் பிரிவினை

பூந்தமல்லியில் தையல் கடை பஷீர் பாய். சிலருக்குப் பெற்றோர் வழியாக வரும் ஒரு மரபணு இந்த ஆபத்தைக் கூட்டும் என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அத்தா ஊட்ட பெரியவனுக்கு எழுதிட்டாரு, நிலத்த சின்னவனுக்கு எழுதிட்டாரு. இதான் நம்ம பங்கா தோழர்?"

கேட்டுவிட்டு, ரத்தம் எடுக்கும் முகாமுக்கு முதல் ஆளாக வந்தார்.

கடைசி ஆள்

அந்த முகாம் நசரத்பேட்டையில். என் மனைவி சரோஜாவும் வந்தாள். நான் வேலை பார்த்த எஸ்டேட் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்து, என் பேச்சைக் கேட்டு வேலைநிறுத்தத்தில் நின்று, என்னோடு வேலை இழந்தவள். நர்ஸ் கூப்பிட்டும் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கேட்ல மொத ஆளா நின்னுகினு எங்களக் கூப்ட்டல்ல? இங்க மட்டும் ஏன்யா கடைசில நிக்கிற?"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முடிவு

அந்த மரபணு எனக்கு இருக்கிறது. பிறகு எடுத்த ஸ்கேனில், மூளையில் புரதமும் கொஞ்சம் படிந்திருப்பது தெரிந்தது. ஞாபகம் இப்போதைக்குச் சரியாகவே இருக்கிறது. மறதி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். சரோஜா சொன்னாள்.

"மறந்தா மறந்துட்டுப் போ. மொதலாளி பேரு, கருங்காலிங்க பேரு அத்தினியும் எனக்கு மனப்பாடம். யார் மேல கோபப்படணும்னு நான் சொல்றேன்."

எத்தனையோ பேச்சுவார்த்தையில் நிர்வாகம் எழுத்தில் கொடுத்ததையே நம்பாத நான், வாய்மொழி உத்தரவாதத்தை நம்பி வீடு வந்து சேர்ந்தது அன்று மட்டும்தான்.