வெள்ளிக்கிழமை திறந்த கேட்

தொழுகை முடித்த கையோடு, வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக மேனேஜர் பாய் தொழிற்சாலை கேட்டின் முன் வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சாவியைப் போடுவதற்கு முன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலைக்கு வெள்ளிதான் வார விடுமுறை. அன்று கேட்டைத் திறந்தால் முதலாளிக்கு ஆகாது. "என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவ போலகீதே சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டேதான் திறந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய தொடக்க ஆண்டுகள் அவை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடிய ஒரே அலுவலகக் கணினி என் பொறுப்பு. தோல் ஊறப்போடுவதில் தொடங்கிப் பெட்டியில் ஏறுவதுவரை எந்த வேலை எந்தத் தேதியில் முடியும் என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நானே எழுதியிருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன், அதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. லினக்ஸ் வைத்திருக்கும் யாரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி அதை முறையாக பேக்கேஜ் கட்டி, லினக்ஸ் வெளியிடுபவர்களுக்கு அனுப்பினேன். இலவசமாகக் கொடுக்க முதலாளியைச் சம்மதிக்க வைத்தவர் மேனேஜர் பாய். "உலகம் பூரா நம்ம பேரு போவும்" என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதைப் பரிசோதித்தவர் ஐரோப்பாவில் எங்கோ இருந்த ஒரு தன்னார்வலர். இரண்டு நாள் வேலைக்குக்கூட முடிவுத் தேதி ஒரு நாள் தள்ளி வருகிறது என்று எழுதினார். சனிக்கிழமை வந்து ஓட்டிப் பார்த்தேன், சரியாகவே வந்தது. கோளாறு உங்கள் கணினியில்தான் என்று மிடுக்காகப் பதில் போட்டேன். மறுவாரமும் அதே புகார். லினக்ஸின் புதிய பதிப்பில் சேர்ப்பதற்கான கெடு நெருங்கிவிட்டது. விட்டால் அடுத்த பதிப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேனேஜர் பாயின் வாக்கும் காற்றில் போய்விடும். கடைசி வெள்ளிக்கு முந்தின மாலை, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் உறைத்தது. அந்தத் தன்னார்வலருக்கு ஓய்வு கிடைப்பது வெள்ளியில் மட்டும், அன்றுதான் ஓட்டிப் பார்க்கிறார். எங்கள் கணினி ஒருமுறைகூட வெள்ளியன்று ஓடியதில்லை. கெடுவுக்குள் அவருடைய பதில் வேண்டுமானால் நாளைக்கே திருத்தி அனுப்பியாக வேண்டும்.

அப்படித்தான் அன்று கேட் திறந்தது. மென்பொருளை ஓட்டியதும் திரையில் "இன்று வேலை இல்லை" என்று வந்தது. எங்கள் விடுமுறையை உலகத்துக்கே பொதுவாக எழுதி வைத்திருந்தேன்! மேனேஜர் பாய் எட்டிப் பார்த்து, "கரெக்டாத்தானே சொல்லுது" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

பரபரவென்று திருத்தினேன். திருத்தியதைப் படித்துக் காட்டச் சொன்னவர் மறுபடியும் சிரித்தார். "எங்க லீவ எடுத்துட்டு உங்க சர்ச்சு லீவ வெச்சிட்டியா?" ஞாயிறுதோறும் முதல் ஆராதனை முடிந்து அரக்கப்பரக்க வேலைக்கு ஓடி வருபவளின் கை வேறு எதை எழுதும்? ஞாயிறையும் நீக்கிவிட்டு, அவரவர் விடுமுறையை அவரவரே நிரப்பும்படி அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். அன்று மாலைக்குள் பேக்கேஜ் ஏற்கப்பட்டுவிட்டது.

மேனேஜர் பாய் இப்போது இல்லை. அவரைப்போல் சிரிக்கும் ஒருவரோடு நான் அப்புறம் வேலை செய்யவே இல்லை. ஞாயிறு விடுமுறை விடும் அலுவலகத்துக்கு மாறிப் பல வருடங்கள் ஆகின்றன. சென்ற வாரம் புதுக் கணினியில் அந்த பேக்கேஜை நிறுவினேன். வார விடுமுறை எது என்று கேட்டது. யோசிக்காமல் வெள்ளி என்று தட்டினேன். அன்றும் வெள்ளிதான். "இன்று வேலை இல்லை" என்றது திரை.

கரெக்டாத்தானே சொல்லுது என்று கணினியை மூடிவிட்டு எழுந்தேன்.